எளிய வாழ்க்கைக்கு இரண்டு பேர்

ஜூன் 3, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் பொதிகை மலை முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறது. அம்பாசமுத்திரத்துக்குக் குடிவந்த மூன்று வருடத்தில் நான் அலாரம் வைத்து எழுந்ததே இல்லை. சென்னையில் மென்பொருள் கம்பெனியில் மேனேஜராக இருந்த காலத்தில் மூன்று அலாரம் வைப்பேன், மூன்றையும் திட்டிக்கொண்டே எழுவேன். அந்த ஆளை இப்போது தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

இன்று வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். பிறகு தாமிரபரணியில் நிதானமாக ஒரு குளியல். மதியம் தூக்கம். சாயங்காலம் மாடியில் நாற்காலியைப் போட்டு ஒரு மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் அவசரம் இல்லை.

என் மனைவி அங்கயற்கண்ணிக்குத்தான் இந்த அமைதி பிடிபடவில்லை. முன்னறையில் மேசை போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து "ஹலோ, கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு ஊழியர்களின் சம்பளக் கணக்குப் போடும் வேலை, வீட்டிலிருந்தபடியே. அவளுக்கும் பொழுது போக வேண்டுமே என்று நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் மாடி வரை வருகிறது. இன்று இறங்கிப் போய்ச் சொன்னேன்.

"கொஞ்சம் மெதுவாப் பேசேன் அங்கை. மைனா பறந்துபோயிடுச்சு."

அவள் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்ப அடுத்த மாச வாடகைய மைனாகிட்டயே வாங்கிக்குங்க."

வேலைக் களைப்பில் ஏதோ சொல்கிறாள் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

வெண்டை பூ விட்டிருக்கிறது. வேறு செய்தி இல்லை. வேறு செய்தி இல்லாத நாள்தான் நல்ல நாள்.

ஜூன் 14, சனி

பார்சல் வந்தது. எளிமையாக வாழ விரும்புகிறவர்களுக்காகவே பொருட்களைச் சேகரித்து அனுப்பும் ஒரு அமைப்பு இருக்கிறது. மரச்செக்கு எண்ணெய், கருப்புக் கவுனி அரிசி, மலைத்தேன், இயற்கைச் சாயம் தோய்த்த கைத்தறிச் சட்டை இரண்டு, கையால் வனைந்த மண்சட்டி ஒன்று. பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தார். எங்கள் தெருவில் எது வந்தாலும் அவருக்குத் தெரியாமல் வராது.

"என்ன தம்பி, இம்புட்டுப் பெரிய பொட்டி? பொண்ணுக்குச் சீரு எடுக்குதியளா?"

"இல்லக்கா, எல்லாம் எளிமையான சாமான். இந்தச் சட்டியப் பாருங்க, மிஷின்ல பண்ணுனது இல்ல."

"நம்ம சந்தைச் சட்டியுங் கூடி மிஷின்ல பண்ணுனது இல்லயே தம்பி."

சட்டிக்கும் சட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். அதற்குள் பார்சல்காரர் பணத்துக்கு நின்றார். அங்கை இரண்டு அழைப்புகளுக்கு நடுவே ஓடிவந்து, போனைக் காட்டிக் கட்டிவிட்டு ஓடினாள். என் போனில் அந்தப் பணம் அனுப்பும் சமாச்சாரத்தையே நான் போன வருடம் எடுத்துவிட்டேன். மனசுக்கு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா.

சாயங்காலம் பரமசிவம் அண்ணாச்சி வந்தார். கடைத்தெருவில் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் விற்கும் பெரிய கடை அவருடையது. ஊர் வாசகர் வட்டத்துக்கும் அவர்தான் தலைவர். இருபத்திரண்டாம் தேதி நூலகத்தில் 'எளிமையே இன்பம்' என்று நான் பேச வேண்டுமாம்.

"நீங்கதான் சார் பேசணும். கைநிறைய வந்த சம்பளத்த உதறிட்டு வந்தவரு இந்த ஊருல வேற யாரு இருக்கா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தெரு முனை திரும்புவதற்குள் போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பேச்சு நன்றாக உருவாகி வருகிறது. முன்னறையில் நின்று அங்கைக்கு ஒரு தடவை முழுவதும் பேசிக் காட்டினேன். அவள் கணினியைப் பார்த்தபடியே கேட்டாள். ஆனால் கேட்டாள்.

அவளுக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. இரண்டு வாரமாகப் பின்னல் போடாமல் ஏதோ ஒரு கொண்டையோடு திரிகிறாள். டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்னாராம். நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்காராதே என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்டால்தானே. செக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது கேட்டாள்.

"ஒரு வருஷம்னு சொன்னீங்க இல்ல?"

"எது ஒரு வருஷம்?"

"ஒண்ணுமில்ல. போய்ப் பேச்ச எழுதுங்க."

முடிவுரையை இன்னும் கொஞ்சம் உருக்கமாக்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நூலகத்தில் நல்ல கூட்டம். கூட்டம் முடிந்ததும் சுண்டல் உண்டு என்று அண்ணாச்சி சுவரொட்டியிலேயே போட்டிருந்தார், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் புதுக் கைத்தறிச் சட்டையில் போயிருந்தேன். பேச்சு அருமையாக அமைந்தது. "பணத்தை விட்டால் பயம் போகும். பயம் போனால் அமைதி வரும். எனக்கு மூன்று வருடமாக ஒரு ரூபாய் வருமானம் இல்லை. நான் என்ன, இளைத்தா போய்விட்டேன்?" என்றபோது கைதட்டல். முன்வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து, வீட்டுச் செலவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "தேவைகளைக் குறைத்துக்கொண்டால் செலவு தானாகக் குறையும் ஐயா" என்றேன். அதற்கும் கைதட்டல்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணாச்சி, சாருடைய வீட்டம்மாவும் வந்திருக்கிறார், அவரும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மைக்கை நீட்டிவிட்டார். அங்கை மேடை ஏறினாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"இவர் பேச்ச வீட்டுல ஒருதடவை கேட்டேன், இங்க இன்னொரு தடவை. ரெண்டு தடவையும் பிடிச்சிருந்தது. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமே என் வேலைக்கு ராஜினாமா அனுப்பிட்டேன். அடுத்த மாசக் கடைசியோட முடியுது. இனிமே எங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே வருமானம் கிடையாது. பயம் போயிடும்னு இவரே சொல்லிட்டாரு. வணக்கம்."

என் பேச்சுக்கு வந்ததைவிடப் பலமான கைதட்டல். நானும் தட்டினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வது? சுண்டல் இறங்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலையில் காபி ஆற்றிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். "நேத்து மேடையில சொன்னது விளையாட்டுக்குத்தானே?"

"இல்லையே."

"கொஞ்சம் யோசிச்சு..."

"மூணு வருஷமா யோசிச்சேன். நெஞ்சு வலின்னு நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ, ஒரு வருஷம் வேலைய விடுங்க, நான் பாத்துக்கறேன்னு நான்தான் சொன்னேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னுதான் அப்ப இருந்துச்சு. அந்த வருஷம் முடிஞ்சதும் தோட்டம் போட்டீங்க. அடுத்த வருஷம் பேச்சாளர் ஆயிட்டீங்க. எனக்கும் ஒரு நாள் முழுக்க யாருக்கும் பதில் சொல்லாம இருக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்."

"சரி, வாடகை?"

"தேவைகளக் குறைச்சா செலவு தானாக் குறையுமாமே."

என் வாயிலிருந்து வந்தபோது இந்த வாக்கியம் வேறு மாதிரி இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

அங்கையின் முடிவில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. காலையிலிருந்து வயிறு சரியில்லை. ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிறது, அதனால் இருக்கும்.

ஜூன் 28, சனி

கோயம்புத்தூரிலிருந்து மகள் யாழினி கூப்பிட்டாள். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம்.

"அப்பா, அம்மா சொன்னாங்க. சூப்பர்ப்பா. எனக்கு ரொம்ப சந்தோஷம். அப்ப என் ஹாஸ்டல் ஃபீஸ்?"

"நீயும் கொஞ்சம் எளிமையா இருக்கப் பழகணும்மா."

"ஒரு ரூம்ல நாலு பேர் இருக்கோம்ப்பா. இதுக்கு மேல எளிமைன்னா மொட்டை மாடிதான்."

பேச்சு அப்படியே அவள் அம்மா.

நான் வேலையை விட்டபோது கையில் வந்த தொகை எங்கே போயிற்று என்று உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்கு முன்பணம். மாடித் தோட்டத்துக்குப் பந்தல். சூரிய அடுப்பு. கர்நாடகாவில் ஒரு பண்ணையில் மண்வீடு கட்டும் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். மண்வீடு கட்டவில்லை. எளிமையைக் கற்றுக்கொள்வதிலேயே கணிசமாகக் கரைந்திருக்கிறது. இதையெல்லாம் அங்கையிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஜூலை 2, புதன்

சிக்கனம் தொடங்கியாயிற்று. நாளிதழை நிறுத்தினேன். பிறகு இசக்கியம்மாள் அக்கா வீட்டுக்குப் போய் அவர்கள் நாளிதழைப் படித்தேன். சந்தைக்கு ஆட்டோ கிடையாது, நடைதான். திரும்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. நனைந்த கைத்தறிச் சட்டையின் இயற்கைச் சாயம் முழுவதும் இப்போது என் பனியனில் இருக்கிறது.

காஸ் மிச்சம் பிடிக்கலாம் என்று சூரிய அடுப்பில் அரிசி வைத்தேன். மதியம் வரை அரிசி அரிசியாகவே இருந்தது. அக்கா மதில் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரலு நேரத்துல சூரியன எங்க போயித் தேடுதிய தம்பி? இங்க வாங்க, நம்ம வீட்டுல சோறு ஆயிட்டு."

வெண்டைக்காய் முதல் அறுவடை. ஒரு கைப்பிடி வந்தது. அங்கை அதை வதக்கி, நடுவில் கோடு போட்டதுபோல இரண்டு பாகமாகப் பிரித்துத் தட்டில் வைத்தாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். மெல்லப் பாடக்கூடச் செய்கிறாள். அவளுக்குப் பயம் இல்லையா என்று கேட்டேன். "இருக்கு. ஆனா தோள்வலி அத விடப் பெருசா இருக்கு" என்றாள்.

மூன்று வருடத்தில் முதல் முறையாக எனக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. மைனா கத்திக்கொண்டிருந்தது. சனியன், வாயை மூடாதா என்று இருந்தது.

ஜூலை 5, சனி

அங்கை ஒரு வீடு பார்த்திருக்கிறாள். இசக்கியம்மாள் அக்கா வீட்டின் பின்கட்டு. இரண்டு அறை, ஒரு சமையலறை. வாடகை இப்போது கொடுப்பதில் பாதிகூட இல்லை. அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். சேமிப்பில் யாழினியின் படிப்புக்கு இவ்வளவு, மருத்துவக் காப்பீட்டுக்கு இவ்வளவு, மிச்சத்தில் நாம் இருவரும் கொஞ்ச காலம் ஓட்டலாம், அதற்குள் ஏதாவது வழி தெரியும் என்கிறாள்.

பின்கட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் ஈரம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

"மாடி இல்லையே" என்றேன்.

"இல்ல."

"மலைய எங்கேர்ந்து பாக்கறது?"

"தெருவுல நின்னு பாக்கலாம். எல்லாரும் அங்கேர்ந்துதான் பாக்கறாங்க."

நல்ல வீடுதான். எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

அங்கை போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பின்கட்டுக்கு வெள்ளை அடிப்பது பற்றிப் பேச அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. எடுத்தேன். அவளுடைய மேலதிகாரி சுதர்சன். நல்ல மனிதர். அங்கே மழை எப்படி சார் என்று கேட்டார். சாரல் பற்றிச் சொன்னேன். பொதுவாகச் சில விஷயங்கள் பேசினோம்.

அவர் கூப்பிட்டதை அங்கையிடம் சொல்ல மறந்துவிட்டேன். நாளை சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 9, புதன்

வயிறு பரவாயில்லை. வெயில் ஏறும்வரை தூங்கினேன். மைனா இனிமையாகக் கூவியது. மனித மனம் விசித்திரமானது, எந்தக் கவலையும் நிலைப்பதில்லை. நாளிதழை மறுபடி போடச் சொல்லிவிட்டேன். மலைத்தேன் தீர்ந்துபோயிருந்தது, அதற்கும் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளையடிக்கும் ஆளை அவசரப்பட்டு வரச் சொல்ல வேண்டாம் என்று அங்கையிடம் சொன்னேன். ஏன் என்றாள். சாரலில் சுவர் காயாது என்றேன்.

ஜூலை 14, திங்கள்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் இந்த நோட்டில் நான் ஒரு வெண்டைக்காயைக்கூட விடாமல் எழுதியிருக்கிறேன்.

மதியம் அங்கை முன்னறையிலிருந்து கூப்பிட்டாள். கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். சுதர்சன் எழுதியிருந்தார். நீங்கள் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறீர்கள் என்று உங்கள் கணவர் போனில் உறுதி சொன்னது பெரிய நிம்மதி, புது ஆள் தேடுவதை அன்றே நிறுத்திவிட்டோம், நன்றி.

அன்று அவர் கேட்டது இதுதான்: மேடம் மனசு மாற வாய்ப்பு இருக்கா சார், இன்னைக்குள்ள தெரிஞ்சாகணும். அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள், ஒரு குரல் கொடுத்தால் கேட்டிருக்கும். நான் சொன்னது, "அவங்க தொடருவாங்க சார், கவலையே படாதீங்க."

அங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நான் வேண்டாம்னு சொன்னத, நீங்க வேணும்னு சொல்லிட்டீங்க" என்றாள்.

"ஒரு பதட்டத்துல..."

"எனக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லன்னு நெனச்சுட்டீங்களா?"

அப்படி நினைக்கவில்லை. அதைவிட மோசம், அதைப் பற்றி நினைக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"இனிமே அவங்களால உடனே ஆள் பிடிக்க முடியாது. நான் பாதியில எந்திரிச்சா அவ்வளவு பேரோட சம்பளம் தள்ளிப்போகும். எனக்கு அப்படிச் செய்ய வராது. நான் வேலை பாக்கறேன். நீங்க மேல போங்க" என்று சொல்லிவிட்டு, இடது கையால் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று அங்கை மிக மெதுவாகப் பேசினாள். மாடிக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. மலை தெளிவாகத் தெரிந்தது. ஆற்றில் நல்ல தண்ணீர். மைனாவும் வந்திருந்தது. நான் மூன்று வருடமாகக் கேட்ட அமைதி முழுசாகக் கிடைத்துவிட்டது, அதில் என்னால் கால்மணி நேரம் உட்கார முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். அண்ணாச்சி கடைக்குப் போனேன். வாசலில் ஆள் உயர ஒலிபெருக்கி இரண்டு. 'ஆடித் தள்ளுபடி, அள்ளிச் செல்லுங்கள்' என்று தெருவே அதிர்கிறது. கல்லாவில் இருந்த அண்ணாச்சியின் காதருகே குனிந்து கத்தினேன்.

"அண்ணாச்சி, கடையில ஆள் வேணுமா?"

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்!"

அவர் ஆளை அனுப்பி ஒலிபெருக்கியை நிறுத்தினார். தெருவில் போனவர்கள்கூட என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டுட்டு எங்க வீட்டுக்காரி இனிமே அம்மியிலதான் அரைப்பேன்னு நிக்கா. மிக்ஸிக் கடைக்காரன் பொண்டாட்டி! நான் வெளிய தல காட்ட முடியல. இப்ப நீங்க இங்க வந்து வேலை கேக்குதிய?"

"அந்தப் பேச்சுல ஒரு விஷயத்த விட்டுட்டேன் அண்ணாச்சி. மூணு வருஷமா எங்க வீட்டுச் செலவ என் மனைவிதான் பாத்துக்கிட்டா."

அவர் கல்லாவைச் சாத்தினார். "அது கூட்டத்துல இருந்த எல்லாத்துக்கும் தெரியும் சார். அதான் அந்தம்மா பேசினதுக்கு அந்தத் தட்டு தட்டுனாவொ."

எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"நாளையிலேருந்து வாங்க. ஆன்லைன் ஆர்டரு, தவணைக்கு எழுதுறது எல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க. சம்பளம் உங்க பழைய கம்பெனி மாதிரி வராது, சொல்லிட்டேன். அப்புறம் ஒண்ணு. வாரவங்ககிட்ட தேவையக் குறைங்கன்னு மட்டும் சொல்லிராதிய."

ஜூலை 18, வெள்ளி

கடைக்குக் கிளம்பும் முன் சுதர்சனைக் கூப்பிட்டேன். அன்று நான் சொன்னது பொய், என் மனைவி அப்படிச் சொல்லவில்லை, அவளைக் கேட்காமலே நான் சொன்னேன் என்றேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை மேடம் இருந்து புது ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், அதை மேடமிடமே பேசிக்கொள்கிறேன் என்றார். அந்த 'மேடமிடமே' கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. இருக்கட்டும்.

ராத்திரி கடையிலிருந்து வந்ததும் அங்கையிடம் இரண்டையும் சொன்னேன், போன் செய்ததையும் வேலைக்குச் சேர்ந்ததையும்.

"யார் உங்களப் போன் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. இது உனக்காகப் பேசினது இல்ல. பொய் சொன்னது நானு, நான்தானே போய்ச் சொல்லணும்."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். கடையின் சீருடை, முதுகில் பெரிய எழுத்தில் ஒரு கிரைண்டரின் பெயர். அவள் உதடு லேசாகத் துடித்தது, சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

திங்கட்கிழமைக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசியது இன்றுதான்.

ஜூலை 27, ஞாயிறு

கால் வலிக்கிறது. நின்றே பழகாத கால். நேற்று ஒரு பெண்மணி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நூலகத்துல பேசினது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப என்ன வாங்கலாம், சொல்லுங்க."

"தேவையானத மட்டும் வாங்குங்கம்மா."

ஃபிரிட்ஜும் கிரைண்டரும் வாங்கிப் போனார். நம்பிக்கையான ஆள் என்று அண்ணாச்சியிடம் என்னைப் பற்றிச் சொன்னாராம். அண்ணாச்சி இனி வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லச் சொல்கிறார்.

பின்கட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. சுவர் காய்ந்துவிட்டது, சாரலிலும் காய்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வீடு மாறினோம். சூரிய அடுப்பை வைக்க இடமில்லை. தூக்கமாக வருகிறது, மிச்சத்தை நாளை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இதை எழுதுவது அங்கயற்கண்ணி. மேலே உள்ள வாக்கியத்தை முடிக்காமலே அவர் தூங்கிப்போனார், அதற்குப் பிறகு நோட்டைத் தொடவே இல்லை. ராத்திரி வந்து சாப்பிட்டதும் கண் சொருகிவிடுகிறது. இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது, "எனக்கு எழுத நேரமில்ல அங்கை, நீயே வச்சுக்கோ" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். முன் பக்கங்களைப் படிக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "படி" என்றார். படித்தேன். நிறையச் சிரித்தேன். ஜூலை எட்டாம் தேதியில் சிரிப்பு வரவில்லை. பதினான்காம் தேதியை இரண்டு தடவை படித்தேன்.

போன வெள்ளிக்கிழமையோடு என் வேலை முடிந்தது. நேற்றுத்தான் முதல் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்குப் பழக்கத்தில் போய் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கணினி இல்லை, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. வெறும் மேசையைப் பார்த்தபோது திக்கென்றது. பணத்தை விட்டால் பயம் போகும் என்று இவர் மேடையில் சொன்னது சுத்தப் பொய். பயம் அப்படியே இருக்கிறது. யாழினிக்கு டிசம்பர் வரை எடுத்து வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. இவர் சம்பளத்தில் வாடகையும் அரிசியும் காயும் வரும், ஒரு காய்ச்சல் வந்தால் இடிக்கும். தோள் சரியானதும் நானும் அரைநாள் வேலை ஏதாவது பார்க்க வேண்டியிருக்கும். மூன்று வருடம் இவர் பயமில்லாமல் இருந்தது எப்படி என்று யோசித்தேன். இவருக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன், அதனால்தான். இப்போது பாதியை அவர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்.

பாதி குறைந்ததே பெரிய விஷயமாக இருக்கிறது. நேற்று அப்படியே தரையில் பாயை விரித்துப் படுத்தேன். பட்டப்பகலில் தூங்கினேன். எழுந்தபோது யாரும் எனக்காகப் போனின் மறுமுனையில் காத்திருக்கவில்லை. மணி பார்க்காமல் காபி போட்டுக் குடித்தேன். அக்கா வந்து, "என்னம்மா செய்யுத?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பயந்துபோனார். நல்ல அழுகைதான் அக்கா என்று சொல்லி அனுப்பினேன்.

நோட்டை முழுசாக எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அது நியாயமில்லை. மூன்று வருடம் ஒருவரே எல்லா நாளையும் வைத்துக்கொண்டதில் என்ன ஆயிற்று என்று பார்த்தோமே. ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை அவருக்கு விட்டுவிடுகிறேன். மற்ற நாட்கள் என்னுடையவை.